நோபடி என்றொருவர்

என் வாழ்நாளில் நான் அதிகம் திருத்திய ஆங்கிலச் சொல் எனிபடி. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அலுப்பில் சொல்கிறேன்.

திருகோணமலையில் உள்துறைமுக வீதிப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஒரு கணினி, ஒரு பிரின்டர், பாதி நாள் ஓடிப் பாதி நாள் முனகும் போட்டோக்கொப்பி மெசின், இரண்டு கதிரைகள். ஒன்று எனக்கு, மற்றது வருகிறவருக்கு. ஆங்கிலப் படிவம் நிரப்புவதும் கடிதம் அடிப்பதும்தான் வேலை. ஒரு கப்பல் முகவர் கந்தோரில் இருபத்தாறு வருடம் ஆங்கிலக் கடிதம் அடித்தவள் நான். கந்தோரை மூடியபோது எனக்கு மிஞ்சியது அந்த ஆங்கிலம் மட்டும்தான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்ததில்லை, ஆனாலும் ஊருக்கு நான் 'மிஸ்'.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பிழையைத்தான் விடுவார்கள். வீட்டில் ஒருவரும் இல்லை என்பதை "எனிபடி நொட் இன் ஹவுஸ்" என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. தமிழில் 'யாரும்' என்று தொடங்கினால் அது இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. யாரும் வரலாம். யாரும் வரவில்லை. கடைசிச் சொல் வருமட்டும் நாம் பொறுத்திருக்க வேண்டும், அதுவரைக்கும் ஒரு நப்பாசை இருக்கும். ஆங்கிலத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. வாயைத் திறந்தவுடனேயே நோபடி என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். இல்லையென்ற சேதியை முதலிலேயே சொல்லிவிட்டபடியால் பின்னால் வரும் வினைச்சொல் ஒன்றும் நடக்காதது போல 'இஸ்' என்று வந்து நிற்கும்.

இதில் என்னை மடக்கியவர் ஒரே ஒருவர்தான். கிண்ணியாவிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் பஸ்ஸில் தயிர்ச்சட்டிகளோடு வருகிற ஒரு மனிதர். அறுபதைத் தாண்டியவர். நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். முஸ்லிம் ஆட்களில் அண்ணனுக்கு அதுதான் முறை. மனைவி மௌத்தாகி நாலு வருடம், ஒரே மகள் வெளிநாட்டில். மகளின் பிள்ளைக்கு ஒன்பது வயது. தமிழ் கேட்டால் விளங்கும், எழுத வராது. அவள் ஆங்கிலத்தில் வட்ஸ்அப் அனுப்புவாள். கடைகளுக்குத் தயிரைப் போட்டுவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு நானா என்னிடம் வருவார். நான் வாசித்துச் சொல்லவேண்டும்.

பதிலை மட்டும் என்னை எழுத விடமாட்டார். "நீங்க எழுதினா அது உங்கட கடிதம் மிஸ். நான் எழுதினாத்தான் என்ட கடிதம்" என்பார். கொப்பி ஒன்றில் பெரிய எழுத்துகளில், பேனாவை அமத்தி அமத்தி எழுதுவார். நான் சிவப்புப் பேனையால் திருத்துவேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போனில் அடிப்பார். மூன்று வரிக்கு முக்கால் மணித்தியாலம் போகும்.

ஒருநாள், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று பேத்தி கேட்டிருந்தாள். நானா எழுதினார்: "எனிபடி நொட் இன் ஹவுஸ். ஐ ஒன்லி."

"நானா, எத்தினை தரம் சொல்லிப்போட்டன்? நோபடி இஸ் இன் த ஹவுஸ் எண்டு எழுதுங்கோ."

"நோபடி எண்டா?"

"ஒருத்தரும் இல்லை."

"இஸ் எண்டா?"

"இருக்கிறார்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப, இல்லாத மனிசன் ஊட்டுக்குள்ள இரிக்கிறார் எண்டெல்லோ வருது? இல்லாதவன் எப்பிடி மிஸ் இரிக்கிறது? அது என்ன, ஜின்னா?"

"அது அவையின்ர பாசை நானா. அப்பிடித்தான் வரும். எழுதுங்கோ."

"புள்ள ராவைக்குப் பயந்திடும்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போய்விட்டது.

அன்று பின்னேரம் பாலையூற்றில் என் வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் அந்தக் கதை திரும்ப வந்தது. அம்மா போய் மூன்று வருடம். கலியாணம் என்று ஒன்று எனக்கு நடக்கவில்லை, அது வேறு கதை, இங்கே வேண்டாம். திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே இல்லாதவர் இருந்தார். அம்மாவின் அறையில் இருந்தார், குசினியில் இருந்தார். காலையில் நான் கழுவாமல் வைத்த கோப்பையை அவர் கழுவியிருக்கவில்லை. நான் ஒவ்வொரு நாளும் காலையில் வீட்டைப் பூட்டும்போது "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். வாய்ப்பழக்கம். யாருக்குச் சொல்கிறேன் என்று அதுவரை யோசித்ததில்லை. நோபடிக்குத்தான் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்குப் படுகோபம் வந்தது, யாரோடு கோபிப்பது என்றும் தெரியவில்லை. பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அண்ணாவுக்குப் பாரிசவாதம் வந்தது.

எனக்கு இருக்கிற ஒரே இரத்த உறவு அண்ணா. இருபத்தேழு வருடத்துக்கு முதல் வெளிநாடு போனவர், திரும்பி வரவேயில்லை. அவரும் தனியாள்தான். எந்த நாடு என்று எழுதமாட்டேன். காரணம் கொஞ்ச நேரத்தில் விளங்கும். ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், பராமரிப்பு இல்லம் ஒன்றில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அங்கிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அவரைப் பார்க்க நோபடி வருகிறார் என்று எழுதியிருந்தது. ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலம். நான் அதை நாலு தரம் வாசித்தேன்.

விசாவுக்குப் போட்டேன். ஒரு மாதம் நின்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுதினேன். மறுத்துவிட்டார்கள். இலங்கையில் உங்களை நம்பி எனிபடி இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று நம்ப ஏலாது, இதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். எனிபடி சரியான இடத்தில்தான் நின்றது, எதிர்மறைக்குப் பின்னால். திருத்த ஒன்றுமில்லை.

கதிரையில் இருந்து யோசித்தேன். அண்ணாவுக்கு அங்கே ஒருவரும் இல்லாதபடியால் நான் போகவேண்டும். எனக்கு இங்கே ஒருவரும் இல்லாதபடியால் நான் போக ஏலாது. என்ன கண்டறியாத நியாயம் இது! அண்ணா கண் மூடுவதற்குள் ஒரு தரம் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், வேறொன்றும் நான் கேட்கவில்லை. அன்று முழுக்கக் கடைக்கு வந்த சனத்தோடு எரிந்து விழுந்தேன்.

திரும்பவும் போட்டேன். இந்த முறை போனில் கேள்வி கேட்பார்கள் என்று அறிவித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று கேட்டதற்கு, தேவையில்லை என்று பதில் போட்டேன். எனக்கா மொழிபெயர்ப்பாளர்? இந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

போன் வந்த அன்று கடையைப் பாதி சாத்திவிட்டு இருந்தேன். வாசலில் ஒரு மான் நின்றது. எங்கள் ஊரில் மான்கள் மாடுகள் மாதிரி வீதியில் திரியும், கடை வாசலில் கிடக்கும் கடதாசியைத் தின்னும். அதைத் துரத்த எழும்பும்போதுதான் போன் அடித்தது. மறுபக்கத்தில் ஒரு பெண், மரியாதையான குரல். வேலை, வீடு, அண்ணா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது அவள் கேட்டாள்: "ஸோ, தேர் இஸ்ன்ட் எனிபடி அட் ஹோம்?" அப்படியென்றால், வீட்டில் ஒருவரும் இல்லை?

நான் சொன்னேன்: "யெஸ்."

எங்கள் ஊரில் "வீட்டில ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டால் "ஓம்" என்போம். ஓம், நீங்கள் சொன்னது சரி, ஒருத்தரும் இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு 'நோ' என்றுதான் சொல்லவேண்டும். 'யெஸ்' என்றால் ஆள் இருக்கிறது என்று போய்விடும். இதை நான் எத்தனை பேருக்குக் கதிரையில் இருத்திச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானைக்குள் விழுந்ததாம்.

"ஓ! தேர் இஸ் சம்படி?" என்றாள் அவள்.

சம்படி. இதையும் நான் சொல்லிக்கொடுப்பதுண்டு. இல்லையென்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்பவர் எனிபடி என்பார். ஓம் என்ற பதிலை எதிர்பார்ப்பவர் சம்படி என்பார். அவள் குரல் உண்மையிலேயே சந்தோசப்பட்டது. எனக்காக ஒரு ஆள் சந்தோசப்பட்டுக் கேட்டு எவ்வளவோ காலம். பிழையைத் திருத்த எனக்கு ஒரு நொடி இருந்தது. சிவப்புப் பேனை கையில்தான் இருந்தது.

"யெஸ்" என்றேன் திரும்பவும்.

முதல் யெஸ் இலக்கணப் பிழை. இரண்டாவதில் இலக்கணப் பிழை இல்லை. அது பொய்.

யார் என்று கேட்டாள். வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனது. ஒரு முதியவர், செவ்வாய்க்கிழமைகளில் வருவார், பேத்தியின் கடிதங்களை வாசிக்க அவருக்கு வேறு ஆளில்லை, என்னை நம்பித்தான் இருக்கிறார். அதுவரை பரவாயில்லை. அதோடு நிற்பாட்டியிருக்கலாம். "ஹி வெயிட்ஸ் ஃபோர் மீ" என்றும் சொன்னேன். அவர் எனக்காகக் காத்திருக்கிறார். நானா ஒருநாளும் எனக்காகக் காத்திருந்ததில்லை. அவர் வரும் நேரமெல்லாம் கடை திறந்துதானே கிடந்தது. எனக்கு வேறு போக்கிடம் எங்கே?

இரண்டு கிழமையில் விசா வந்தது. அந்த யெஸ்ஸால்தான் வந்ததோ, வேறு எதனாலோ, எனக்குத் தெரியாது. நாட்டின் பெயரை ஏன் எழுதவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும்.

போகுமுன் நானாவுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கவேண்டும். வெட்கமாக இருந்தது. தயிர் விற்க வருகிற மனிதரை, அவருக்கே தெரியாமல், என்னை நம்பி இருக்கிற ஆளாக்கி விற்றுவிட்டேன். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? திங்கட்கிழமையே கடையைப் பூட்டினேன். ஒரு மாதம் கடை பூட்டு என்று கடதாசியில் எழுதி, கோதுமை மாப் பசை காய்ச்சிக் கதவில் ஒட்டிவிட்டு, கொழும்பு பஸ் ஏறினேன்.

அண்ணா சன்னலோரம் ஒரு சில்லுக் கதிரையில் இருந்தார். நான் நினைத்து வைத்திருந்த ஆளில் பாதிதான் இருந்தது. கூட்டிக்கொண்டு போன தாதிப் பெண் நல்ல பிள்ளை. "உங்கள் அண்ணா பெரிய பக்திமான்" என்றாள். "பேச்சுப் போனாலும் நாள் முழுக்க ஓம் ஓம் என்று தியானம் பண்ணிக்கொண்டே இருக்கிறார்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணாவா? கோயில் வாசலில் கச்சான் கடலை வாங்க மட்டும் போன மனிதர் அவர். பிறகு அவள் குனிந்து, தண்ணீர் வேண்டாமா என்று அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அண்ணா அவளைப் பார்த்து, "ஓம்" என்றார். அவள் சிரித்துக்கொண்டு தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

ஐயோ, அண்ணா! பக்தியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. ஆங்கிலம் முழுக்க அழிந்துபோய், மிஞ்சிக் கிடந்த ஒரே தமிழ்ச் சொல்லால் மனிதர் எட்டு மாதமாக எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். குளிருதா? ஓம். நோகுதா? ஓம். இன்றைக்கு உங்களைப் பார்க்க ஒருவரும் வரவில்லையா? ஓம். அதைக் கேட்டவர்கள் பயபக்தியோடு கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அந்த இடத்திலேயே குந்தி இருந்து அழுதேன்.

தாதியைக் கூப்பிட்டுச் சொன்னேன், அது மந்திரம் இல்லை, யெஸ் என்று அர்த்தம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய எழுத்தில் எழுதி அவர் கட்டிலுக்கு மேலே ஒட்டினோம்: ஓம் என்றால் யெஸ். இல்லையென்று பொருள்படும் கேள்வி கேட்கக்கூடாது என்றும் அடியில் எழுதினேன், காரணம் சொல்லவில்லை.

இருபத்தைந்து நாள் அவர் பக்கத்தில் இருந்தேன். வாசலில் வருகைப் புத்தகம் ஒன்று. ஒவ்வொரு நாளும் அதில் கையெழுத்து வைத்தேன், அவருடைய அறை இலக்கத்துக்கு நேரே என் கையெழுத்து மட்டும்தான். மான், துறைமுகம், அம்மாவின் கடைசி நாள்கள், எல்லாம் அவருக்குச் சொன்னேன். சில நேரம் அழுதார், சில நேரம் ஓம் என்றார். என்னை யாரென்று தெரிகிறதா என்று ஒருநாள் கேட்டேன். ஓம் என்றார். அது எனக்குப் போதும்.

கடைசி நாள் கையைப் பிடித்துக்கொண்டு, "போட்டு வாறன் அண்ணா" என்றேன். இனி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

"ஓம்" என்றார்.

திருகோணமலை பஸ் நிலையத்தில் வந்து இறங்கியபோது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அங்கே இருக்கிறவரை எனக்குத் தெரியும்தானே. பையையும் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தேன். கப்பல் ஒன்று கோதுமையோடு வந்து நங்கூரமிட்டு நின்றது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

கதவில் நான் ஒட்டிய கடதாசியைக் காணவில்லை. நாலு மூலையும் நக்கித் துடைத்திருந்தது. மாப் பசைக்கு மான் ஆலாய்ப் பறக்கும் என்பதை இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் மறந்திருக்கிறேன். அதற்கு மேலே, மான் எட்டாத உயரத்தில், கொப்பித்தாள் ஒன்று ஆணியில் குத்தியிருந்தது. பெரிய எழுத்துகள், பேனாவை அமத்தி அமத்தி எழுதியது. மழையில் மை கொஞ்சம் ஊறியிருந்தது.

எனிபடி நொட் ஹியர். ஐ வெயிட். ஃபோர் டே.

பக்கத்துப் பூட்டுத் திறப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்க மிஸ் போனீங்கள்? அந்தத் தயிர்க்கார நானா நாலு செவ்வாய்க்கிழமையா உங்கட வாசல்படியிலதான் இருந்தவர். கதிரை போட்டுக் குடுத்தும் வேண்டாம் எண்டுட்டார். மத்தியான பஸ்ஸுக்குத்தான் எழும்பிப் போவார்."

பழக்கதோசத்தில் பைக்குள் கையை விட்டுச் சிவப்புப் பேனையை எடுத்துவிட்டேன். எனிபடி பிழை. வெயிட் பிழை, காலம் தப்பு. டே பிழை, பன்மை வேண்டும். மூன்று வரியிலும் பிழை. பேனையைத் திரும்ப உள்ளே போட்டேன். கடையைத் திறக்காமல் படியிலேயே இருந்து நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஆரு?"

"நான்தான் நானா."

"மிஸ்ஸா? அல்லாஹ்வே! எங்க போனீங்க? உங்கட போனும் வேல செய்யல்ல. புள்ளட மெசேஜ் பதினொண்டு வாசிக்காமக் கிடக்கு. உசிரோட இரிக்கீங்களா இல்லையா எண்டும் தெரியாம…"

அண்ணாவைப் பார்க்கப் போனதைச் சொன்னேன். பிறகு, சொல்லாமல் விட்டால் இனி ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று தெரிந்து, மற்றதையும் சொன்னேன். "நானா, நான் உங்களைக் காட்டித்தான் விசா எடுத்தனான். என்னை நம்பி எனக்காகக் காத்திருக்க ஆள் இருக்கு எண்டு பொய் சொல்லிப்போட்டன். குறை நினைக்காதேங்கோ."

மறுபக்கத்தில் தயிர்ச்சட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பேரைச் சொன்னீங்களா?"

"இல்லை. சம்படி எண்டு மட்டும்தான் சொன்னனான்."

"சம்படி எண்டா ஆரோ ஒருத்தன் எண்டெல்லோ நீங்க படிச்சுத் தந்தது?" குரலில் உண்மையான கோபம் இருந்தது. "நாலு வருசமா வாறன். நான் உங்களுக்கு ஆரோ ஒருத்தனா மிஸ்?"

"இல்லை நானா" என்றேன்.

"சரி, விடுங்க" என்றார். "தயிர் இன்னும் நாலு சட்டி இரிக்கு. போட்டுட்டு அந்தப் பக்கம் வாறன். இன்டைக்கும் வந்து படியில குந்த என்னால ஏலாது, முழங்கால் நோவு. இப்ப வந்தா கடையில ஆரும் இரிப்பீங்களா?"

"ஓம் நானா" என்றேன். "இருக்கிறன்."